பெட்டியைச் சுற்றி நின்றவர்கள்

கல்யாண வீட்டுக்குப் போனால், "வாங்க போட்டோகிராபர் சார், டிபன் ஆச்சா?" என்று கேட்பார்கள். சாவு வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கேமராப் பையோடு ஷாமியானாவுக்குள் நுழைந்தால், நாற்காலிகளில் இருப்பவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் சவப்பெட்டியை மூடும் நேரம் வந்துவிட்டால் அதே ஆட்கள்தான், "போட்டோக்காரர் எங்க, போட்டோக்காரர் எங்க" என்று தெரு முழுக்கத் தேடுவார்கள். இவ்வளவு காலத்தில் எனக்கு இது பழகியிருக்க வேண்டும். இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கன்னடம் பேசும் ஊரில், லிங்கராஜபுரத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, புதுநன்மை, கல்யாணம், சாவு எல்லாம் எடுப்பேன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், திறந்த பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். முகம் தெரிவதற்காகத் தலைமாட்டுப் பக்கம் பெட்டியைக் கொஞ்சம் உயர்த்தி வைப்போம். மூத்த மகன் தலைமாட்டில் நிற்பான், பிறகு மனைவி, மற்ற பிள்ளைகள், மருமக்கள், கால்மாட்டில் பேரப்பிள்ளைகள். வரிசையை நிறுத்துவது என் வேலை. "உள்ள வாங்க", "பாப்பாவைத் தூக்கிக்குங்க" என்றெல்லாம் சொல்லலாம், "சிரிங்க" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. நான் சொல்லாமலே சிலர் சிரித்துவிடுவார்கள். கேமராவைக் கண்டால் பல்லைக் காட்டிப் பழகிய வாய், என்ன செய்வது! அதனால் நான்கைந்து படமாக எடுத்து வைத்துக்கொள்வேன்.

ஒருமுறை புகைப்படக்காரர்களுக்கான கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். புகைப்படத்தில் அறம் என்பதுதான் அன்றைய பேச்சு. பேசிய தம்பி நல்ல தம்பிதான். யாரை எடுத்தாலும் முதலில் அனுமதி கேளுங்கள் என்றார். நான் எழுந்து எங்கள் பெட்டிப் படத்தைப் பற்றிச் சொன்னேன். இதில் யாரிடம் அனுமதி கேட்பது, பெட்டிக்குள் இருப்பவரிடமா, வெளியே நிற்பவர்களிடமா, என்னைக் கூப்பிட்டவரிடமா என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் முகத்தைச் சுளித்தாள். "இப்பவும் இப்படி எடுக்கிறாங்களா?" என்று பக்கத்தில் யாரோ சன்னமாகக் கேட்டார்கள். தம்பி, அது வேறு மாதிரியான விஷயம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். மார்க்கெட்டில் பூ விற்கும் ஒரு பாட்டியின் படம் வந்தது. என் கேள்வி என் கையிலேயே நின்றது.

அந்தக் கேள்வி எனக்குச் சும்மா வந்ததல்ல. அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் எங்கள் பின் தெருவில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். பீன்யாவில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருவார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் இங்கேயே ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இளையவன் குவைத்தில். நடுவில் ஒரு பெண். அவள் முதல்முறை நற்கருணை வாங்கிய நாளில் புதுநன்மைப் படம் எடுத்தவன் நான். வெள்ளை கவுனில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, மெழுகு கையில் சொட்டியும் ஆடாமல் நின்ற பிள்ளை அது.

பெண் வளர்ந்து பொம்மசந்திராவில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை பார்த்த பையனை, வேறு மதம், ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அதோடு வீட்டில் அவள் பேச்சே இல்லை. மூத்தவன் ஆல்பங்களில் அவள் இருந்த படங்களையெல்லாம் கிழித்துப் போட்டான் என்று தெருவில் சொன்னார்கள். அந்தப் படங்களில் பாதி நான் எடுத்தவை. அதைக் கேள்விப்பட்டபோதே எனக்கு அவன்மேல் ஒரு கோபம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பெரியவர் இறந்த அன்று மூத்தவன்தான் எனக்கு போன் செய்தான். போனதும் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். அழுது கண் வீங்கியிருந்தது. "அண்ணா, தம்பிக்கு லீவு கிடைக்கல. வீடியோல பாத்துகினு இருக்கான். அவன் போட்டோ அனுப்புவான், குரூப்ல அவனையும் சேத்துடுங்க" என்றான். சரி என்றேன். வெளிநாட்டில் இருப்பவர்களை இப்படிச் சேர்ப்பது எங்கள் பக்கத்தில் சகஜம். எத்தனையோ பெட்டிகளுக்குப் பக்கத்தில் துபாய்க்காரர்களையும் மஸ்கட்காரர்களையும் நிறுத்தியிருக்கிறேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவ வந்தாலும் வருவா. வந்தா ஃப்ரேம்ல வேணாம்ணா. நீங்களே பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றான். அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பாவைப் பறிகொடுத்து நிற்பவனிடம் அந்த நேரத்தில் என்ன வாக்குவாதம் செய்வது?

அவள் வந்தாள். ஷாமியானாவுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. எதிர்வீட்டுக் கன்னட அம்மாதான் கையைப் பிடித்து, "பா மகளே, பா" என்று உள்ளே அழைத்து வந்தார். அவள் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், மருமகள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பெண் சத்தம் போட்டு அழவில்லை. நேராகப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

பெரியவருக்கு பிரஸ் மெஷினில் இடது கையில் இரண்டு விரல் போயிருந்தது, அவள் பிறப்பதற்கு முன்பே. சாவுக்கு உடுத்துகிறபோது வெள்ளைக் கையுறை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். இடது கையுறையில் இரண்டு விரல் வெறுமனே மடங்கி விழுந்ததால் இரண்டு கையுறையையும் கழற்றிவிட்டு, ஜெபமாலையைச் சுற்றி, வலது கையை மேலே வைத்து மூடியிருந்தார்கள். அவள் அந்த வலது கையை மெதுவாக நகர்த்தி, இடது கையை வெளியே எடுத்துத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

வெளியே வேன் டிரைவர், "பேக பன்னி சார், லேட் ஆகத்தே" என்று கன்னடத்தில் சீக்கிரம் வரச்சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கோயிலில் ஃபாதர் காத்திருந்தார். குடும்பம் பெட்டியைச் சுற்றி வந்து நின்றது. நான் தலைமாட்டில் நிறுத்திய மூத்தவன் என்னைப் பார்த்தான். கண்ணாலேயே தங்கை பக்கம் காட்டினான்.

எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு முழம் தூரம். "தள்ளிக்கோ" என்று அவனே சொல்லலாம். அவன் மனைவி சொல்லலாம். மாமன் இருந்தார், சித்தப்பா இருந்தார். ஒருவருக்கும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லை. கேமராக்காரன் சொல்ல வேண்டுமாம். "கொஞ்சம் நகருங்கம்மா, லைட் மறைக்குது" என்று நான் ஒரு பொய்யைச் சொன்னால் அவளும் நகர்ந்துவிடுவாள், பாவம் யார் தலையிலும் விழாது. பாவத்தைச் சுமக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்களா என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் எல்லாரையும் சேர்த்து எடுத்தேன். மூத்தவன் முகம் இறுகியது. அதற்குள் மூடியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் என் பின்னாலேயே வந்தாள். "அண்ணா, அந்தப் படம் எனக்கு ஒண்ணு குடுப்பீங்களா? அப்பாகூட இருக்கிற படம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. வீட்டை விட்டு வரும்போது போனைக்கூட எடுத்துகினு வரல" என்றாள். தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது?

ஆனால் தருவது அவ்வளவு லேசில்லை. ஸ்டுடியோவில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் கூப்பிட்டு எடுத்தேனோ அவர்களிடம் மட்டும்தான் படம் போகும். முன்பு ஒருவன் அத்தை பையன் என்று சொல்லிக்கொண்டு வந்து ஒரு பெண்ணின் படத்தை வாங்கிப் போய்விட்டான். அவன் உறவுக்காரனே இல்லை. அந்தப் பெண் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அன்று வைத்த கட்டுப்பாடு. பெண்பிள்ளைகளைக் காப்பாற்ற வைத்த அதே கட்டுப்பாடு இப்போது ஒரு பெண்ணுக்கு முன்னால் கதவைச் சாத்துகிறது. இதை யாரிடம் போய்க் கேட்பது? கூட்டத்தில் பேசிய தம்பியிடம் கேட்டுப் பார்த்ததன் பலனைத்தான் சொன்னேனே.

குவைத்தில் இருந்து இளையவன் படங்கள் அனுப்பினான். எல்லாவற்றிலும் சிரிப்பு. கடற்கரையில் கூலிங் கிளாஸ், மாலில் ஐஸ்கிரீம், நண்பன் தோளில் கை. சாவு வீட்டில் நிறுத்தத் தோதான முகம் ஒன்றுமில்லை. கடைசியில் விசாவுக்கு எடுத்த படம்தான் உதவியது. அந்தத் தலையை வேறொரு உடம்பில் பொருத்தி, வெளிச்சத்தைச் சரிசெய்து, கால்மாட்டில் நிறுத்தினேன். அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் கஸ்டம்ஸ் அதிகாரியைப் பார்ப்பதுபோல நின்றான். வேலை சுத்தமாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஃப்ரேம் போட வேண்டும் என்று மூத்தவன் கடைக்கு வந்தான். கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்தான். தம்பியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "சூப்பர்ணா, நேர்ல வந்து நின்ன மாதிரியே கீது" என்றான். அப்புறம் தங்கையைச் சுட்டினான்.

"இதை எடுத்துடுங்க."

"அதை என்னால பண்ண முடியாதுப்பா."

"முடியாதுன்னா? ஒரு நிமிஷ வேலைணா. சும்னே ஒரு டச்சப்."

"வேலை தெரியாமச் சொல்லல. வந்து நின்ன பொண்ணை நிக்கலன்னு காட்ட மாட்டேன்."

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "அண்ணா, என் தம்பி வரவே இல்ல. அவனை நிக்க வெச்சிட்டீங்க. அது பொய் இல்லியா? வராதவனைச் சேக்கலாம், வந்தவளை எடுக்கக் கூடாதா? இது இன்னா நியாயம்?"

நானும் யோசித்துப் பார்த்தேன். கல்யாணப் படங்களில் ஃபேனை அழிக்கிறேன், ஒயரை அழிக்கிறேன், பின்னால் சோற்றுத் தட்டோடு நிற்கும் ஆளை அழிக்கிறேன். மணப்பெண் கன்னத்துப் பருவை அழிக்காத நாளே இல்லை. அவர்களில் யாரிடம் அனுமதி கேட்டேன்? தட்டோடு நின்ற ஆளும் வந்தவர்தானே? இவன் ஏசி மெக்கானிக், நான் ஊருக்கு ஞாயம் பேசுகிற போட்டோக்காரன், ஒரே கேள்வியில் என்னை மடக்கிவிட்டான். அது வேறு எனக்கு எரிச்சலாக இருந்தது.

"தம்பியைச் சேத்ததுல யாருக்கும் ஒண்ணும் போகல. இவளை எடுத்தா இவளுக்குப் போகுது" என்றேன் ஒருவழியாக.

"இவளுக்கு இன்னா போகுது? இவளா எங்க வீட்ல போட்டோ மாட்டப் போறா? எங்கப்பா இவளால எவ்ளோ தலைகுனிஞ்சார்னு உங்களுக்குத் தெரியுமா? கோயிலுக்குப் போறதையே கொஞ்ச நாள் நிறுத்திட்டார். அந்த ஆளைச் சுத்தி யார் நிக்கலாம்னு நான் சொல்லக் கூடாதா?"

அவன் குரல் உடைந்தது. பெரியவர் கொஞ்ச நாள் பூசைக்கு வராமல் இருந்தது எனக்கும் ஞாபகம் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அவனைக் கெட்டவன் என்று ஒதுக்கித் தள்ளிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அதுவும் முடியவில்லை.

"வேற யார்கிட்டயாவது பண்ணிக்கோ. நான் பண்ண மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவன் படங்களைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டான். வாசலில் நின்று, "யாருக்கும் இதைக் குடுக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றான். யாருக்கு என்று சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்த மாதம் முழுக்க அவள் போன் செய்தாள். "அனுப்பிட்டீங்களாண்ணா?" கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றேன். பிரிண்டரில் இங்க் இல்லை என்றேன். கல்யாண சீசன் என்றேன். ஒரு விரலால் அழுத்தினால் அவள் போனுக்குப் போய்விடும் படம். அதை வைத்துக்கொண்டு இப்படிச் சாக்கு சொல்கிற என் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. கொடுத்தால் நம்பிக் கூப்பிட்டவனுக்குத் துரோகம், கொடுக்காவிட்டால் அவளுக்கு. இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளம் ஆகிவிட்டேன் என்று என் மனைவியிடம் புலம்பினேன். "புலம்பறதை விட்டுட்டு ஏதாவது ஒண்ணு பண்ணுங்க" என்றாள். எந்த ஒன்று என்று அவளும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் மாலை பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனோம். ஹாலில் திரு இருதயப் படத்துக்குக் கீழே புது ஃப்ரேம், சீரியல் லைட் சுற்றி மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் இல்லை. அவள் நின்ற இடத்தில் பின்னால் இருந்த திரைச்சீலை நீண்டு வந்து இறங்கியிருந்தது. மூத்தவன் தன் போனிலேயே விரலால் அவளைத் தேய்த்து எடுத்திருந்தான். இதற்கெல்லாம் இப்போது போட்டோக்காரன் தேவையில்லை. தேய்த்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று போனே யூகித்து வரைந்துகொள்ளும். மறுத்துவிட்டேன் என்று இத்தனை நாளாக உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்த எனக்கு அதைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது.

ஜெபம் முடிந்து சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃப்ரேமுக்குப் பக்கத்தில் போனார். நெடுநேரம் பார்த்தார். முகத்தை அல்ல, மார்புப் பக்கமாகப் பார்த்தார்.

"யார் கைடா இது?"

"அப்பா கைதாம்மா" என்றான் மூத்தவன்.

"உங்கப்பாவுக்குச் செத்தப்புறம் விரல் முளைச்சுதா?"

நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். மகளின் கை பொத்தியிருந்த இடத்தில் போன் ஒரு புதுக் கையை வரைந்து வைத்திருந்தது. ஐந்து விரலும் முழுசாக, நகம் திருத்தி, ஒரு நாளும் இரும்பைத் தொடாத கை. ஜெபமாலை அதன்மேல் பாதியில் நின்று மறைந்தது. இவ்வளவு நேரம் அங்கே நின்றும் போட்டோக்காரனான என் கண்ணில் அது படவில்லை.

"அது போன்ல தானா வர்றதும்மா. யார் பாக்கப் போறாங்க, விடு" என்றான்.

"நான் பாப்பேன் இல்ல? கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்தக் கை சம்பாதிச்ச சோத்தைத்தான் சாப்பிட்டிருக்கேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "நீயாப்பா பண்ணே இதை?"

"இல்ல ஆன்ட்டி."

"கடைசில நிக்கிறானே சின்னவன், அவனை?"

"அவனை நான்தான் சேத்தேன்."

"அப்ப கேட்டா நீ பண்ணுவேன்னு நினைச்சுதான அவனும் உங்கிட்ட வந்திருப்பான்."

பின்னால் யாரோ, "ஸ்டுடியோக்காரன் சொதப்பிட்டான்போல" என்றார்கள். மூத்தவன் வாயைத் திறக்கவில்லை. நான் செய்யவில்லை என்று சத்தமாகச் சொல்லலாம். சொன்னால் என்ன செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்றெல்லாம் சொல்ல வேண்டி வரும், முப்பதாம் நாள் சாப்பாட்டில் அவள் பேச்சு எழும். சித்தப்பா வந்து, "ஆய்த்து, சாப்பிட வாங்க" என்று எல்லாரையும் பந்திக்குத் திருப்பினார். ஃப்ரேம் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. குவைத்தில் இருப்பவனுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறதாம், புரொஃபைல் படமாக வைத்திருக்கிறான்.

சில நாள் கழித்து அம்மா காலைப் பூசை முடிந்து முக்காட்டோடு நேராகக் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "அவ நிக்கிற படம் வெச்சிருக்கியா, அதையும் அழிச்சிட்டியா?" என்றார். திறந்து காட்டினேன். "பெரிசு பண்ணு" என்றார். கையைப் பெரிதாக்கினேன். மகளின் உள்ளங்கைக்கு அடியில் இருந்து அப்பாவின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் எட்டிப் பார்த்தன. விரல் போன பக்கத்தை அவள் மூடியிருந்தாள். அம்மா முக்காட்டின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதை அவளுக்குக் குடுத்துடு. நான் சொன்னேன்னு சொல்லு."

"உங்களுக்கு ஒண்ணு போடட்டுமா ஆன்ட்டி?"

"எங்க வெப்பேன்? அவன் கண்ல பட்டா கிழிப்பான். அப்புறம் அதை வேற பாக்கணும்."

அவ்வளவுதான், போய்விட்டார். ஒரு மாதமாக என் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு, யாரிடம் அனுமதி கேட்பது என்ற அந்தக் கேள்விக்கு, ஒரே பேச்சில் பதில் கிடைத்துவிட்டது. பெட்டிக்குள் இருந்தவருக்கு முதல் உறவு அவர். அவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? போன் செய்தவன் ஆண்பிள்ளை, படம் அவனுடையது என்று நானும்தானே எடுத்துக்கொண்டேன். என் கட்டுப்பாட்டின்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அவளுக்கு போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வந்தாள். நல்ல மேட் பேப்பரில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன், குவைத்துக்காரன் இல்லாத அசல் படம். அன்று யார் யார் நின்றார்களோ அவர்கள் மட்டும். அம்மா கொடுக்கச் சொன்னார் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். தலைமாட்டுக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"அண்ணா, இவனை மட்டும் எடுத்துட்டுக் குடுக்கறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரை?"

"எங்கண்ணனை. இவன் மூஞ்சியைப் பாத்துகினே எப்படி அப்பாவைப் பாக்கறது? எங்கிட்ட இருக்கப் போறது இது ஒண்ணுதான். இதுல இவன் வேணாம்."

எனக்கு வந்த சலிப்பைச் சொல்லி மாளாது. இவளுக்காகத்தானே இவ்வளவும்! இவளை அழிக்க மாட்டேன் என்று சொன்னதால்தானே தெருவில் சொதப்பல்காரன் என்று பெயர் வாங்கினேன்! கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. "முடியாதும்மா. அன்னைக்கு நின்னவங்க நின்னவங்கதான்" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

"அவன் வந்து கேட்டப்பவும் இதேதான் சொன்னீங்களா?"

"இதேதான்."

"அப்புறம் அவனுக்கு வேண்டியது கிடைச்சுதா இல்லியா?"

ஃப்ரேமைப் பற்றி அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். குவைத்துக்காரனின் புரொஃபைல் படத்திலேயே பார்த்திருக்கலாம். அவள் கேட்டது சரி. நான் நியாயமாக இருந்ததால் அவனுக்கு ஒன்றும் குறையவில்லை, இப்போது அந்த நியாயத்தின் பாரம் முழுக்க இவள் தலையில்தான் விழுகிறது.

அவள் படத்தைக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தாள். இடது ஓரத்தைப் பிடித்து, அண்ணன் நின்ற பக்கத்தைப் பின்னால் மடித்தாள். அவன் போனான். அவனுக்கு நேர் முன்னால் பெட்டியில் சாய்ந்திருந்த அப்பாவின் முகமும் அவனோடு போயிற்று. விரித்தாள். இன்னும் கொஞ்சம் ஓரமாக மடித்துப் பார்த்தாள். அப்பாவுக்குப் பாதி முகம் வந்தது, அண்ணனின் தோளும் வந்தது. எங்கே மடித்தாலும் அப்படித்தான். மூத்த மகனைத் தலைமாட்டில் நிறுத்துவது எங்கள் வழக்கம். அன்று அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான்.

மடிப்பு விழுந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தாள். கோடு முழுக்கப் போகவில்லை. "அப்படியே கவர்ல போட்டுக் குடுங்கண்ணா" என்றாள். கவரைத் திறந்து நீட்டினேன். படம் உள்ளே இறங்குகிற வரைக்கும் அவன் முகத்தின்மேல் வைத்த கட்டை விரலை அவள் எடுக்கவில்லை.